ஓதுதலும் உசாவுதலும்

2019ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை இரவு. பெசன்ட் நகர்க் கடற்கரையிலும் அதற்குத் தெற்கே திருவான்மியூர்ப் பக்கத்திலும் அலைகள் நீல நிறமாய் ஒளிர்ந்தன. ஊரூர் ஒல்காட் குப்பத்துப் படகுகள் இழுத்து நிறுத்தப்பட்டிருக்கும் மணல் மேட்டில் நின்று அதனைக் கண்ட கூட்டத்தில் நாமும் இருந்தோம். அலை உடையும் இடத்தில் மட்டுமே ஒளி. மற்ற இடமெல்லாம் கருங்கடல். ஈர மணலில் கால் ஊன்றினால் அடிச்சுவட்டைச் சுற்றிப் பொறி பறந்தது. "சுப்ஹானல்லாஹ்" என்று நம்மையறியாமல் நா மொழிந்தது. கைப்பேசியை உயர்த்தாத கை அங்கே இல்லை.

உடன் வந்திருந்த நம் சகோதரியின் மகன், வணிகவியல் மாணவர், வீடு திரும்பிய பின் உறங்கவில்லை. பஜ்ருத் தொழுகைக்கு நாம் எழுந்தபோது கண் சிவக்க உட்கார்ந்திருந்தார். "மாமா, எல்லாம் தெரிந்துகொண்டேன்" என்றார். உண்மையில் நிறையவே தெரிந்துகொண்டிருந்தார். ஒளிர்ந்தது கடல் நீரன்று. அதில் மிதக்கும் நாக்டிலூக்கா என்னும் ஒற்றையணு உயிரி. மிகப் பெரியது இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டாது. அலையின் அதிர்வு பட்டதும் அதன் உடலுக்குள் லூசிஃபெரின் என்ற பொருள் வேதிமாற்றம் அடைந்து ஒளியாகிறது. அவ்வொளியில் சூடு என்பது இல்லை. இவ்வளவோடு அவர் நிற்கவில்லை. ஆழ்கடலின் ஒளிரும் மீன்கள், உயிர் முதன்முதல் தோன்றியது கடலிலா என்ற விவாதம், வியாழனைச் சுற்றும் யூரோப்பா என்ற துணைக்கோளின் பனிக்கட்டிக்கு அடியில் இருப்பதாகக் கருதப்படும் பெருங்கடல் என்று, ஓர் இரவுக்குள் அடையாற்றிலிருந்து வியாழன் வரை போய்த் திரும்பியிருந்தார்.

இவற்றை அவர் தேடி எடுக்கவில்லை. நல்ல கட்டுரைகளைப் பொறுக்கி நாள்தோறும் முன்வைப்போர் இணையத்தில் பலர் இருக்கின்றனர். நியூசிலாந்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த டெனிஸ் டட்டன் 1998ஆம் ஆண்டிலேயே நாளுக்கு மூன்று கட்டுரைகள் என்ற அளவில் இப்பணியைத் தொடங்கினார். 2010இல் அவர் மறைந்த பின்னும் அது தொடர்ந்தது. அவ்வழியில் வந்தவர்கள் எண்ணற்றோர். கடை விரித்த பெருஞ்சந்தையில் அழுகாத பழத்தை நமக்காகத் தேடி எடுத்துவரும் உறவினரைப் போன்றவர்கள் இவர்கள்.

இப்படிப் பிறர் தேர்ந்து தந்ததைப் படிப்பது படிப்பே அன்று, நுனிப்புல் மேய்தல் என்பார் உளர். அவர்களோடு நாம் உடன்படவில்லை. தமிழ் மட்டுமே அறிந்த நம் முந்தைய தலைமுறைக்கு அறிவியல் எவ்வழியே வந்தது? பெ. நா. அப்புஸ்வாமி (1891–1986) போன்ற சிலர் தாம் படித்தவற்றுள் தேர்ந்தெடுத்து எளிய தமிழில் எழுதித் தந்தமையால் வந்தது. 1967ஆம் ஆண்டு யுனெஸ்கோ கூரியர் இதழின் தமிழ்ப் பதிப்பு தொடங்கியதும், நம் மணவை முஸ்தபா அவர்கள் அதன் ஆசிரியராக நெடுங்காலம் உழைத்ததும், அறிவியல் கலைச்சொற்களை அகராதிகளாகத் தொகுத்ததும் இச்சமுதாயம் பெருமையோடு நினைக்க வேண்டியவை. நம் வாப்பா அவ்விதழ்களை அடுக்கிக் கயிறு கட்டிப் பரணில் வைத்திருந்தார். அணுவும் அகழ்வாராய்ச்சியும் ஆப்பிரிக்க முகமூடிகளும் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது அக்கயிற்றை அவிழ்த்த நாளில்தான். தேர்ந்து தருதல் ஒரு ஸதக்கா. அதில் நமக்கு ஐயமில்லை.

ஆயினும் தேர்வு என்பது விட்டுவிடுதலும் ஆகும். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் ஆறு இலட்சம் அறிவிப்புகளிலிருந்து ஏழாயிரத்துச் சொச்சத்தைத் தேர்ந்தார்கள் என்று சொல்லப்படுவதை நாம் மதரஸாப் பருவத்திலேயே கேட்டிருக்கிறோம். அன்று நம்மை வியக்க வைத்தது எண்ணிக்கை. இன்று எண்ணிப் பார்த்தால் வியப்புக்குரியது வேறொன்று. தேர்ந்த ஒவ்வொன்றின் தலையிலும், இன்னாரிடமிருந்து இன்னார் கேட்டார் என்ற இஸ்னாது தொடர் ஒளிவின்றி எழுதப்பட்டது. அத்தொடரில் வருபவர் எங்கே பிறந்தார், யாரைச் சந்தித்தார், நினைவாற்றல் எப்படி, முதுமையில் குழம்பினாரா என்று ஆராய்வதே அறிவிப்பாளர் இயலாக வளர்ந்தது. தேர்ந்தவரையே வாசகர் சோதிக்கலாம். அதற்கான கருவியையும் சேர்த்தே கொடுத்தார்கள்.

நம் கைப்பேசியில் பாதித் தேர்வை இன்று மனிதர் செய்வதில்லை. எந்தப் படத்தின் மீது நம் விரல் சற்றுத் தயங்கியதோ அதைப் போன்றதையே மீண்டும் எடுத்து நீட்டுகிறது ஒரு கணக்கு. நாம் அறிய வேண்டும் என்பது அதன் அக்கறையில்லை. நாம் அங்கேயே இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதனை ஆசிரியரென்று எண்ணி அதன்முன் மண்டியிட்டு உட்காருவது அறிவுக்கும் அழகன்று, மார்க்கத்துக்கும் அழகன்று.

இவ்வளவு சொல்லும் நாம் அன்றிரவு என்ன செய்தோம்? மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். பதினொரு மணியளவில் குடும்பத்தார் குழுவில் ஒரு செய்தி வந்தது. நீல அலையின் படம். கீழே, கடல்கள் தீமூட்டப்படுவது பற்றி அத்தக்வீர் அத்தியாயத்தில் 1400 ஆண்டுகளுக்கு முன்பே கூறப்பட்டது இதோ சென்னையில் கண்முன் நிகழ்ந்துவிட்டது, விஞ்ஞானிகள் திகைத்து நிற்கின்றனர் என்ற வாசகம். நமக்கு மெய்சிலிர்த்தது. கண் கலங்கியது என்றும் சொல்லலாம். உடனே ஐந்து பேருக்கு அனுப்பிவிட்டுப் படுத்தோம்.

காலையில் மருமகனின் விளக்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் அது நெஞ்சில் தைத்தது. விஞ்ஞானிகள் எவரும் திகைக்கவில்லை. உயிரிக்குப் பெயரிட்டு நூறாண்டுக்கு மேலாகிறது. ஒளியில் தீயில்லை, சூடுமில்லை. மறுமை நாளின் பேரச்சத்தைக் குறிக்கும் திருவசனத்தை, கடற்கரை வேடிக்கை ஒன்றோடு எவரோ முடிச்சுப் போட்டுவிட, அம்முடிச்சை நாம் ஐந்து வீடுகளுக்குச் சுமந்து சென்றிருந்தோம். கேட்டதையெல்லாம் எடுத்துரைப்பவனைப் பற்றி ஸஹீஹ் முஸ்லிமின் முன்னுரையில் வரும் எச்சரிக்கை நாம் ஓதாததன்று. இறைவேதத்துக்கு ஆதாரம் தேடித் தருவதாக நினைத்துக்கொண்டு அதனை ஆதாரமற்ற செய்தியோடு கட்டிவைத்தோமே! நாளை அச்செய்தி பொய்யென்று அறியும் பிள்ளை எதன்மீது நம்பிக்கை இழப்பான்?

சில வாரங்கள் கழித்து, அதே மணல் மேட்டுக்கு மருமகனும் நாமும் பகலில் சென்றோம். கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் அந்த இரவைப் பற்றிக் கேட்டோம்.

"இன்னா பாய், இது புதுசா? எங்கப்பன் காலத்துலயே இருக்குது. இருட்டுல மீன் கூட்டமா ஓடுனா தண்ணி மினுங்கும், அத்த பாத்துத்தான் வலய உடுவோம். ஆனா இம்மாம் வெளிச்சம் நான் பாத்ததில்ல" என்றார்.

மருமகன் கைப்பேசியில் அவ்வுயிரியின் பெரிதாக்கிய படத்தைக் காட்டினார். முதியவர் அதை ஆவலோடு வாங்கி வெயிலுக்கு மறைத்துப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "சரி தம்பி, எப்பவும் இருக்குற பூச்சி இந்த வருசம் மட்டும் ஏன் இவ்ளோ பெருத்துது?"

மருமகனிடம் விடையில்லை. அவர் படித்தவற்றில் அக்கேள்விக்கு ஒரு வரியே ஒதுக்கப்பட்டிருந்தது. அவர் அதைத் தாண்டி யூரோப்பாவுக்குப் போய்விட்டார். முதியவரோ வடக்கே கை நீட்டினார். உடைந்த பாலம் தெரியும் அத்திசையில், சிறிது தொலைவில்தான் அடையாற்று முகத்துவாரம். நகரத்தின் கழிவுநீர் அதன் வழியே கடல் சேர்கிறது. மணல் திட்டு எப்போது வாயை அடைக்கும், எந்தக் காற்றில் திறக்கும், திறந்தவுடன் வரும் கறுப்பு நீர் எத்திசையில் திரும்பும் என்பதை அவர் விளக்க விளக்க, மருமகன் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டுக் கேட்டார்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கழிவுநீர்தான் காரணம் என்று அம்முதியவர் அடித்துக் கூறவில்லை, நாமும் கூறவில்லை. கழிவும் உரமும் கலந்த நீரில் நுண்பாசிகள் பெருகும், அவற்றைத் தின்று நாக்டிலூக்காவும் பெருகும் என்பது அறியப்பட்டது. நீரோட்டமும் மழையும் வெப்பமும்கூட அதில் பங்கு கொள்ளும். அதே ஆண்டு மன்னார் வளைகுடாவில் இவ்வுயிரி பசுமையாய்ப் படர்ந்து மீன்கள் செத்து ஒதுங்கியதையும் மருமகன் பின்னர் தேடிப் படித்தார். இம்முறை அவராகத் தேடினார்.

பஸராவில் பிறந்த இப்னுல் ஹைதம், தாலமியின் நூல்களை மதித்துப் பயின்ற பின்னரே அவற்றின் மீதான ஐயங்களைத் தனி நூலாக எழுதினார். முன்னோர் எழுதியதைப் படிப்பவன் அந்நூலோடு தன் மனத்தையும் சேர்த்தே ஐயுற வேண்டும் என்பது அவர் கொள்கை. மனத்தையும் என்றாரே, அங்கேதான் நாம் தடுக்கி விழுந்தோம். அன்றிரவு செய்தி நம்மை ஏமாற்றியதில் பாதிதான் உண்மை. ஏமாற விரும்பியது நம் மனம். நமக்கு இனிப்பதை எவர் தேர்ந்து நீட்டினாலும் அவர் பெயரைக் கேட்க நமக்குத் தோன்றுவதில்லை.

குப்பத்திலிருந்து திரும்பிய அன்று மாலை, அந்த ஐந்து பேருக்கும் எழுதினோம்: முன்பு அனுப்பியது தவறு; ஆராயாமல் அனுப்பியது நம் குற்றம். அதோடு அந்நீல ஒளி எதனால் வந்தது என்பதையும் நான்கு வரியில் விளக்கினோம். இருவர் பதில் தரவில்லை. இருவர் கட்டைவிரல் படம் அனுப்பினர். ஐந்தாமவர் எங்கள் மூத்த மாமி. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். "இதை மட்டும் உனக்கு யார் சொன்னது?" என்று கேட்டிருந்தார். கட்டுரையின் பெயர், எழுதியவர் பெயர், அவர் எங்கே ஆய்வு செய்கிறார், அதை நமக்குக் காட்டிய மருமகன், வலை சரிசெய்த முதியவர் என்று வரிசையாக எழுதி அனுப்ப நமக்கு அரை மணி நேரம் பிடித்தது.