துலாக்கோலின் மறுதட்டு

ஒரு பெண்மணி உயர்பொறுப்பு ஏற்கவிருக்கிறார் என்ற செய்தி செவிக்கு எட்டியதும் நம்மிடையே எழும் முதல் வினா, "பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்பதே. ஆடவர் ஒருவர் பதவி உயர்வு பெறுங்கால் இவ்வினா எழுவதில்லை. பாராட்டி இனிப்புக் கேட்கிறோம். ஒருவரை நோக்கி மட்டுமே எழுப்பப்படும் இவ்வினா அக்கறையா, அநீதியா? சற்றே சிந்திப்போம்.

குடகில் பிறந்து சென்னையில் பயின்ற சி. பி. முத்தம்மா, 1949இல் இந்திய அயலுறவுப் பணியில் சேர்ந்த முதற் பெண்மணி. பெண் அலுவலர் மணம் புரிய அரசின் எழுத்துவழி அனுமதி வேண்டும். மணமானபின் குடும்பக் கடமைகள் பணிக்கு இடையூறாகும் என அரசு கருதின் அவர் பதவி விலகவும் நேரிடும். இவை அந்நாளைய விதிகள். பதவி உயர்வு மறுக்கப்பட்ட முத்தம்மா உச்ச நீதிமன்றத்தை நாடினார். வழக்கு நடக்கையிலேயே பதவி உயர்வும் வந்து சேர்ந்தது. 1979இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ண அய்யர் தம் தீர்ப்பில் கூறிய கருத்து எளியது: குடும்பக் கடமை பெண்ணின் பணிக்கு இடையூறாகுமெனில், ஆணின் பணிக்கும் ஆகலாமன்றோ?

காலம் மாறியது, விதிகளும் மாறின. மத்திய அரசுப் பெண் ஊழியர்க்கு 2008 முதல் மகப்பேற்று விடுப்பு 180 நாட்கள். குழந்தைப் பராமரிப்பு விடுப்பு பணிக்காலம் முழுமைக்கும் 730 நாட்கள். தந்தைக்கோ, பிள்ளை பிறக்கும்போது 15 நாட்கள் மட்டுமே. பராமரிப்பு விடுப்பு 2018இல் ஆடவர்க்கும் நீண்டது. எனினும், தனித்து நின்று பிள்ளை வளர்ப்போர்க்கு மட்டுமே. பெண்ணுக்குப் பரிவு காட்டிய அதே ஏடு, பிள்ளை வளர்ப்பு அவள் வேலையே என்பதையும் உறுதி செய்துவிட்டது.

ஏட்டைப் பழிப்பானேன்? நம் இல்லத்திலும் இதுவே நடந்தது. துணைவியாரும் மத்திய அரசில் எழுத்தரே. சில ஆண்டுகட்குமுன் அவருக்கு வெளியூர் மாற்றலுடன் பதவி உயர்வு ஆணை வந்தது. மகன் அப்போது பத்தாம் வகுப்பு. மகள் ஆறாம் வகுப்பு. சொந்த ஊராயின் பாட்டியோ அத்தையோ இருந்திருப்பர். தலைநகரின் இரண்டு அறைக் குடியிருப்பில் யார் உளர்? மறுத்தால் ஓராண்டுக்கு மீண்டும் வாய்ப்பு வாராது என்ற விதியை அறிந்தே அவர் மறுப்புக் கடிதம் எழுதினார். அவருடைய தியாகத்தை உறவினரிடமெல்லாம் புகழ்ந்தோம். அக்கடிதத்தின் வரைவைத் திருத்திக் கொடுத்தவரும் நாமே! நாமே சோறு வடித்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பலாமே என்ற எண்ணம் அன்று தோன்றவேயில்லை. தோன்றாமற் போனதே நம் குற்றம்.

வேறு வழி இருந்தும் தானே விரும்பித் துறப்பதுதான் தியாகம். வழியை அடைத்துவிட்டு அதற்குத் தியாகம் எனப் பெயரிடுதல் அறமாகாது. இரண்டையும் அவர் சமன் செய்யட்டும் என்கிறோம். துலாக்கோலின் ஒரு தட்டில் எல்லாச் சுமையையும் ஏற்றியவர், மறுதட்டில் தாமும் கை வைக்க வேண்டாவா?

நம் சங்கத்தின் செயற்குழுவுக்கு ஒரு பெண்மணி தலைமை ஏற்கும் மாலை வரட்டும். அன்று நம் வீட்டு அடுப்படியில் நாம் நிற்போமாக.