கைங்கர்யத்தில் களை: ஒரு மாணவனின் கேள்வி

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

சென்ற மார்கழியில் ஒருநாள், எங்கள் ஊர்ப் பெருமாள் ஸந்நிதியில் திருப்பாவைச் சாற்றுமுறை முடிந்து கோஷ்டி விநியோகமும் ஆன பிறகு, கல்லூரி மாணவன் ஒருவன் அடியேனிடம் வந்து நின்றான். பொறியியல் மூன்றாம் ஆண்டு படிப்பவன். ஆறேழு மாதங்களாகக் காலையில் தவறாமல் வந்து பிராகாரத்தைப் பெருக்குவதும், நந்தவனத்தில் துளஸி பறித்துக் கொடுப்பதுமாக இருந்தான்.

"மாமா, தனக்காகச் செய்வது கைங்கர்யமே ஆகாது என்று நேற்று உபந்யாஸத்தில் ஸாதித்தார்கள். இங்கே வந்தால் மனசு அமைதியாக இருக்கிறது, அதற்காகத்தான் நான் வருகிறேன். அப்படியானால் நான் செய்ததெல்லாம் கணக்கில் சேராதா? வராமலே இருந்துவிடலாமா?" என்று கேட்டான்.

"அதையெல்லாம் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே, நீ பாட்டுக்கு வந்துகொண்டிரு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். தலையை ஆட்டிவிட்டுப் போனான். தை பிறந்த பிறகு அவனைக் காணவில்லை. அவன் கேட்டதில் குழப்பம் ஏதும் இல்லை என்பதும், நம் ஸம்ப்ரதாயத்தின் உயிர்நிலையையே அவன் தொட்டுக் கேட்டான் என்பதும் அதற்குப் பிறகுதான் அடியேனுக்கு உறைத்தது.

அவன் வாழும் உலகத்தை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். இன்று ஒரு மாணவன் செய்யும் எந்தக் காரியமும் அவனுடைய வளர்ச்சிக்கு என்றே எழுதப்படுகிறது. பிறருக்குச் செய்யும் தொண்டும் அதற்கு விலக்கன்று. கல்லூரிகளில் நாட்டு நலப்பணித் திட்டம் 1969 முதல் நடந்து வருகிறது. இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்தால் சான்றிதழ் உண்டு. 'நான் அல்ல, நீ' என்னும் பொருள்படும் அருமையான வாசகத்தையே அத்திட்டம் தன் குறிக்கோளாகக் கொண்டிருக்கிறது. ஆனால் சேரும் பிள்ளைகளில் பலருக்குச் சான்றிதழே கண்ணில் நிற்கிறது. அவர்களைக் குறை சொல்வதற்கு முன்பு நம்மைப் பார்த்துக்கொள்வது நல்லது. இளைஞர்களைக் கோயிலுக்கு அழைக்கும்போது நாம் என்ன சொல்கிறோம்? பெருமாளை ஸேவித்தால் படிப்பில் கவனம் கூடும், பாசுரம் சொன்னால் ஞாபக சக்தி வளரும், நல்ல வேலை கிடைக்கும் என்கிறோம். களையை நாமே விதைத்துவிட்டு, பிறகு உபந்யாஸ மேடையில் ஏறிக் களை இருக்கிறதே என்று வருந்துகிறோம்.

'களை' என்பது அடியேன் சொல்லன்று. த்வயத்தின் உத்தரவாக்யத்தில் பிராட்டியோடு கூடிய நாராயணனுக்குக் கைங்கர்யம் செய்வதை ப்ரார்த்தித்தபின், கடைசியில் 'நம:' என்னும் பதம் வருகிறது. கைங்கர்யத்தில் உள்ள களையை அறுப்பது இப்பதம் என்றும், 'இது எனக்காக' என்று செய்வதே அக்களை என்றும் பிள்ளை லோகாசார்யர் முமுக்ஷுப்படியில் அறுதியிட்டிருக்கிறார். இவ்வர்த்தம் நம்மில் பெரும்பாலோர் காலக்ஷேபத்தில் கேட்டதுதான். இப்பதம் நிற்கும் இடத்தை மட்டும் அடியேன் இத்தனை நாள் ஊன்றிக் கவனிக்கவில்லை. முதலில் கைங்கர்ய ப்ரார்த்தனை, அதற்குப் பிறகே களை அறுக்கும் சொல். பயிர் முளைப்பதற்கு முன்பு களை பறிப்பார் எவரும் இல்லை. எது பயிர், எது களை என்று தெரிவதற்கே இரண்டும் கொஞ்சம் வளர வேண்டியிருக்கிறது.

ஆண்டாள் நாச்சியாரின் திருப்பாவையிலும் இதே வரிசையைக் காண்கிறோம். ஆயர் சிறுமியர் முதல் பாசுரத்தில் புறப்படுவது பறை பெறுவதற்காக. மூன்றாம் பாசுரத்தில் நாட்டிற்கு மழையும் பால்வளமும் பேசப்படுகின்றன. இருபத்தொன்பதாம் பாசுரத்திற்கு வந்த பிறகே 'நாங்கள் வந்தது இந்தப் பறைக்காக அன்று' என்கிறார்கள். ஏழேழ் பிறவிக்கும் உறவும் அடிமையும் வேண்டும் என்று விண்ணப்பித்துவிட்டு, எல்லாவற்றிற்கும் கடைசியில், மற்ற விருப்பங்களை நீயே மாற்றித்தர வேண்டும் என்று முடிக்கிறார்கள். அதாவது களையைப் பறிக்கும் பொறுப்பையும் அவனிடமே வைக்கிறார்கள். நோன்பும் பறையும் அவர்களுக்கு ஒரு வ்யாஜம், உள்ளத்தில் இருந்தது முதலிலிருந்தே அவன் ஒருவனே என்று வ்யாக்யானங்கள் காட்டும். அது நாச்சியாருக்குத் தகும். நமக்கோ பறையே மெய்யான காரணமாக இருக்கிறது. இருந்தாலும் அவள் நம்மையும் எழுப்பி அதே கோஷ்டியில் சேர்த்துக்கொள்கிறாள். வாசலில் நிறுத்தி 'நீ எதற்கு வந்தாய்?' என்று கேட்கவில்லை.

ஆகவே அமைதிக்காக வந்தவன் வரட்டும். ஆனால் அந்த அமைதியே களையா என்னும் கேள்வி மீதி இருக்கிறது. அடியேன் புத்திக்கு எட்டிய அளவில், அமைதி களையன்று. சேதநன் செய்யும் அடிமையில் அவனுக்கும் உகப்பு உண்டு. அந்த உகப்பு யாரை நோக்கி நிற்கிறது என்பதே ஆராய வேண்டியது. காட்டுக்குப் புறப்படும் இளைய பெருமாளிடம், தமையன் நடந்து செல்லும்போது நீ கவனம் தவறாதே என்று ஸுமித்ரை சொல்லி அனுப்பியதாக ஸ்ரீராமாயணம் கூறும். அவன் நடையழகிலே ஈடுபட்டு நின்று, காவலில் சோர்ந்துவிடாதே என்று நம் பெரியோர்கள் இதற்கு ரஸமாக அர்த்தம் ஸாதிப்பார்கள். அழகைக் காணாதே என்று அவள் கண்ணை மூடச் சொல்லவில்லை. காண்பதில் மூழ்கி, வந்த வேலையை மறந்துவிடாதே என்றாள்.

இதை எழுதும்போது அடியேன் கதையையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வங்கியில் பிறருடைய பணத்தை எண்ணிப் பெட்டியில் வைத்துப் பூட்டியவன். அதில் ஒரு ரூபாயும் என்னுடையது என்று ஒருநாளும் தோன்றியதில்லை. ஓய்வு பெற்றபின் ஓர் உத்ஸவத்திற்கு வரவு செலவுக் கணக்கை எழுதிக் கொடுத்தேன். உத்ஸவம் முடிந்து அச்சிட்ட நன்றிப் பட்டியலில் அடியேன் பெயர் விட்டுப்போயிருந்தது. அன்றிரவு தூக்கம் வரவில்லை! பணத்தில் ஒட்டாத 'எனது' பெருமாள் கணக்கில் ஒட்டிக்கொண்டது. அறுபது வயதைக் கடந்தவனுக்கு இத்தனை களை இருக்க, இருபது வயதுப் பிள்ளையிடம் தூய்மையை எதிர்பார்ப்பது என்ன நியாயம்? தன்னிடம் களை இருப்பதை அவனாகவே கண்டு கேட்டான். அடியேன் அதைக்கூடச் செய்ததில்லை.

மாணவர்களுக்கு என்ன கைங்கர்யம் கொடுக்கலாம் என்று பலர் கேட்கிறார்கள். கைங்கர்யங்களுக்குக் குறைவே இல்லை. தீவட்டி பிடிப்பது, ஸ்ரீபாதம் தாங்குவது, கோயிலுக்கு வர இயலாத முதியவர்களின் திருமாளிகைக்குச் சென்று உடன் அமர்ந்து பாசுரம் ஸேவிப்பது, பழைய வ்யாக்யானப் பதிப்புகளைக் கணினியில் ஏற்றிப் பிழை திருத்துவது என்று எத்தனையோ உண்டு. எதைக் கொடுத்தாலும், 'உனக்கு இதனால் என்ன கிடைக்கும்' என்று தொடங்காமல் 'அங்கே என்ன தேவை' என்று தொடங்க வேண்டும் என்பதே அடியேன் விண்ணப்பம். திருவேங்கடமுடையான் விஷயமான திருவாய்மொழியை ஸாதிக்கும்போது, திருமலையில் புஷ்ப கைங்கர்யம் செய்ய யார் போவீர் என்றுதான் எம்பெருமானார் கேட்டருளினார். மலைக் குளிருக்கு அஞ்சி மற்றவர்கள் பேசாதிருக்க, அனந்தாழ்வான் எழுந்தார். அங்கே பூவுக்குத் தோட்டமும் தோட்டத்திற்கு ஏரியும் வேண்டியிருந்தன. அவர் போய் அவற்றைச் செய்தார்.

தேவை எப்போதும் கோயிலுக்குள்ளேயே இருக்கும் என்பதும் இல்லை. பரதாழ்வான் விரும்பியது பெருமாளை மீட்டு வந்து உடனிருந்து அடிமை செய்வதை. கிடைத்தது திருவடி நிலைகளும் பதினான்கு ஆண்டு ராஜ்ய நிர்வாகமும். நந்திக்ராமத்தில் இருந்துகொண்டு, விரும்பாத வேலையை, அவன் நியமித்தான் என்பதற்காகச் செய்தார். பிராகாரம் பெருக்குவது இனிக்கிறது, பாடப் புத்தகம் கசக்கிறது என்னும் மாணவனுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் வேறு இருப்பதாகத் தோன்றவில்லை. படிப்பதெல்லாம் கைங்கர்யமே என்று மலிவாகச் சொல்லிவிடலாகாதுதான். பெற்றோர் கடன் வாங்கிக் கட்டிய படிப்பிலிருந்து தப்பி ஒளிய ஸந்நிதி ஓர் இடமாகிவிட்டால், அங்கே கிடைக்கும் அமைதியில் களை நிச்சயம் உண்டு.

இப்படி எழுதக் காரணம் இருக்கிறது. பங்குனியில் அந்த மாணவனின் தொலைபேசி எண்ணை ஒருவரிடம் வாங்கிப் பேசினேன். அன்று ஒழுங்காகப் பதில் சொல்லாததற்கு முதலில் வருத்தம் தெரிவித்தேன். பிறகு மெதுவாகக் கேட்டதில், இரண்டு பாடங்களில் அரியர் இருப்பதைச் சொன்னான். வீட்டில் இன்னும் சொல்லவில்லையாம். காலையில் புத்தகத்தைத் திறந்தாலே பயமாக இருக்கும், அதனால்தான் கோயிலுக்கு வந்துவிடுவேன் என்றான். களையைப் பற்றி அவன் கேட்ட அன்றே, எதற்காக உனக்கு அமைதி வேண்டியிருக்கிறது என்று அடியேன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பரீக்ஷை முடியும்வரை சனிக்கிழமை மட்டும் வா, மற்ற நாள் காலையெல்லாம் படி, வீட்டில் சொல்லிவிடு என்றேன். த்வயத்தில் 'நம:' கடைசியில் நிற்பதையும் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியென்றால் சனிக்கிழமை என்ன வேலை இருக்கும், மாமா?" என்று கேட்டான். திருமடைப்பள்ளியில் பாத்திரம் தேய்க்க ஆள் இல்லை என்றேன். துளஸி பறிப்பதைப் போல அது மனத்திற்கு இதமான வேலையன்று. வந்தான். இப்போதும் வருகிறான். ஒரு பாடத்தில் தேறிவிட்டானாம், மற்றொன்றை நவம்பரில் எழுத வேண்டும்.

அடியேன் ராமாநுஜ தாஸன்