பனியின் வெண்மைக்கு விலை யாது?

அழகிய பொருளொன்றை ஆக்குவோன், அவ்வாக்கத்தால் எங்கோ ஒரு மூலையில் விளையும் தீங்கிற்குப் பொறுப்பாவானா? ஆவான் எனின், எம்மட்டும்? ஆயுதம் விற்போனையும் நஞ்சு விற்போனையும் பற்றி நமக்கு ஐயமில்லை. நல்வாழ்க்கைக்குரிய தொழில்களை வகுத்தபோதே ததாகதர் அவற்றை விலக்கினார். குளிர்காலக் காட்சியைத் தீட்டும் ஓவியனோ எவர்க்கும் தீங்கு நினையாதவன். அவனையே எடுத்துக்கொள்வோம்.

குளிர் தேசங்களில் வானத்திலிருந்து பனி பஞ்சுபோல் விழுந்து வயல், கூரை, வேலி யாவற்றையும் மூடிவிடும். பிரெஞ்சு ஓவியர் குளோத் மொனே 1868-69ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் தீட்டிய படமொன்றில், பனி மூடிய வேலிப்படலின் மீது மாக்பை என்னும் பறவை தனித்து அமர்ந்திருக்கும். நிழல்கள் நீலமாய் விழுந்திருக்கும். காண்பவர் மனம் அமைதியுறும். ஆயினும் அக்காலத்து எண்ணெய் ஓவியர்க்கு வெண்மையைத் தந்தது பெரும்பாலும் ஈய வெள்ளை. ஈயத் தகடுகளைக் காடி வைத்த மட்கலங்களில் இட்டு, குதிரைச் சாணத்தில் புதைத்து, வாரக்கணக்கில் மூடிவைப்பர். தகட்டின்மேல் வெண்பொடி பூக்கும். அதனைச் சுரண்டியும் அரைத்தும் கூலி பெற்றோருள், இங்கிலாந்து நாட்டில், பெண்கள் பலர். வயிற்றுவலி, கைத்தளர்ச்சி, வலிப்பு, சாவு என ஈயநஞ்சு அவர்களைத் தொடர்ந்தது. 1921ஆம் ஆண்டு சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம், கட்டிடங்களின் உட்புறப் பூச்சில் ஈய வெள்ளையைத் தடுக்கும் உடன்படிக்கை ஒன்றை இயற்றியது. கலை ஓவியத்திற்கு அதில் விலக்கு அளிக்கப்பட்டது. கலைஞனின் தூரிகைக்குச் சலுகை காட்டலாம். பொடியை அரைத்தவளின் நுரையீரலுக்கு அச்சலுகை பொருந்துமோ?

இருபதாம் நூற்றாண்டில் ஈயத்தின் இடத்தை டைட்டானியம் வெள்ளை பிடித்தது. இது ஈயம் போன்ற நஞ்சன்று. இதற்கு மூலப்பொருளாகும் இல்மனைட் என்னும் கருமணல், குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கரையிலும் கிடைப்பது. பனியையே காணாத கரையின் கருமணலிலும் பனிக்குரிய வெண்மை ஒளிந்திருக்கிறது, என்னே விந்தை! மணலைக் கந்தக அமிலத்தில் கரைத்துப் பிரிக்கும் முறையில், கைக்கு வரும் வெண்பொடியைவிட மிஞ்சும் அமிலமும் இரும்பு உப்பும் எடையில் மிகுதி. 1972ஆம் ஆண்டில் இத்தாலியத் தொழிற்சாலையொன்று இத்தகைய கழிவைக் கப்பலேற்றிக் கோர்சிகாத் தீவருகே கடலில் கொட்டலாயிற்று. 1973இல் தீவு மக்கள் திரண்டு கிளர்ந்தனர். இப்பொடியின் பெரும்பங்கு சுவர்ப்பூச்சுக்கும் பிளாஸ்டிக்குக்கும் காகிதத்திற்கும் செல்வது. ஓவியன் வாங்குவது துளியே. உண்மைதான். ஆனால் துளி என்பது அளவைப் பற்றிய விடை, பொறுப்பைப் பற்றிய விடையன்று.

நாம் நூலாலையில் உழைத்த நாட்களில் கழிவுப் பஞ்சைக்கூட நிறுத்துக் கணக்கெழுதுவர். ஒரு ராத்தல் குறைந்தால் விசாரணை. சாயப்பகுதியினின்று வாய்க்காலில் ஓடிய நீரை எவரும் அளந்ததில்லை. விலை போகும் கழிவுக்கு ஏடு உண்டு. விலை போகாத கழிவுக்கு வாய்க்கால் உண்டு. ஓவியன் தூரிகை கழுவும் கிண்ணத்திலும் இதே நிலை. இக்காலத்து அக்ரிலிக் வண்ணம் பிளாஸ்டிக் இனத்தது. கழுவிய நீரைச் சாக்கடையில் ஊற்றினால் அதன் நுண்துகளும் உடன் செல்லும்.

வினைக்கு வேர் மனத்தின் நாட்டமே எனப் பகவர் அருளியதை எடுத்துக்காட்டி, ஓவியனுக்குக் குற்றமில்லை என்பர் சிலர். அவர்கள் அவசரப்படுகின்றனர். ஜீவகனுக்கு உரைத்த போதனையில், பிக்கு ஏற்கத்தகாத ஊன் எது என்பதற்குப் பகவர் மூன்று நிலைகளைக் கூறினார்: தனக்கெனக் கொன்றதைக் கண்டிருத்தல், கேட்டிருத்தல், ஐயுற்றிருத்தல். அந்நெறி ஊனுக்கு வகுக்கப்பட்டது. அதனை வண்ணத்திற்கு நீட்டுவது நமது துணிவு. மூன்றாவது நிலையே நமக்கு வேண்டுவது. காணாமையும் கேளாமையும் தாமே வாய்க்கக்கூடும். ஐயுறாமைக்கோ மனம் நேர்மையாய் இருத்தல் வேண்டும். ஐயம் நுழையும் வாயிலைத் தாழிட்டுவிட்டு ‘அறியேன்’ என்பவனிடம் நன்னாட்டம் எங்கே? அறியாதிருக்க விரும்புவதும் ஒரு நாட்டமே அன்றோ?

அங்ஙனமாயின் பனியைத் தீட்டவே கூடாதோ எனின், அதுவும் அன்று. ஜப்பானியப் பிக்கு செஷ்ஷு (1420-1506) மையால் தீட்டிய குளிர்காலக் காட்சியொன்று டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உளது. செங்குத்தாய் இறங்கும் ஒரு பாறைக்கோடு; கீழே வழியேறிச் செல்லும் சிறு மனித உருவம்; அப்பால் மலை. அப்படத்தில் பனிக்கென வெள்ளை பூசப்படவில்லை. மை படாது விட்ட காகிதமே பனி. பொருளை மிச்சம் பிடிக்கவேண்டி அவர் அவ்வாறு செய்தாரல்லர். சீனத்தினின்று வந்த மையோவிய மரபு அது. அந்த மையும் தீங்கற்றதென்று சொல்வதற்கில்லை. கட்டையோ எண்ணெயோ எரித்த கரியும் மிருகத்தோற் பசையும் கலந்தது. ஆயினும், எதையேனும் பூசியே தீரவேண்டும் என்று நாம் கருதும் இடத்தில், பூசாமலே நிறைவு காண இயலும் என்பதற்கு அப்படம் சாட்சி.

அக்ரிலிக்கில் தீட்டுவோருள், கழுவிய நீரை ஊற்றிவிடாமல் கலத்திலேயே தெளியவிட்டு, அடியிற் படிந்த வண்டலை வழித்தெடுப்போரும் உளர். இது புதுமையன்று. மிகுதியான சீவரங்களை என் செய்வீர் என்று உதயண மன்னன் வினவியபோது, கந்தல் உடுத்த பிக்குகளுக்குப் பகிர்வோம் என்றார் ஆனந்தர். பழைய சீவரங்களை? விரிப்பாக்குவோம். பழைய விரிப்புகளை? கால் துடைக்கும் துணியாக்குவோம். அவையும் நைந்தால்? மண்ணோடு பிசைந்து தரைக்குப் பூசுவோம் என்று ஆனந்தர் கடைசி இழை வரையில் கணக்குச் சொன்னார்.