பெற்றோல் வரிசையும் மனச்சாட்சியும்



ஊரில் ஒரு பேச்சு எழும்புகிறது: "நாளைக்குப் பெற்றோல் வராதாம்." யார் சொன்னது, எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் விசாரிப்பதில்லை. ஒரு மணி நேரத்துக்குள் பெற்றோல் செட்டுக்கு முன்னால் மோட்டார் சைக்கிள்களும் ஓட்டோக்களும் கார்களும் சந்திவரை நீண்டு நிற்கின்றன. தாங்கியில் முக்கால்வாசி நிறைந்திருக்கும் கார் ஒன்றும் அந்த வரிசையில் நிற்கிறது. அந்தக் கார்க்காரர் செய்வது விவேகமா, குற்றமா? இதுதான் இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட கேள்வி.

இது அற்பக் கேள்வி என்று தள்ளிவிடாதீர்கள். கொலையும் களவும் நம்மில் பெரும்பாலோருக்கு வரும் சோதனைகள் அல்ல. வரிசையில் நிற்பதும், வீதியில் வாகனம் ஓட்டுவதும், கேட்ட செய்தியை அடுத்த வீட்டுக்குச் சொல்வதும் நம்முடைய அன்றாடக் காரியங்கள். நம்முடைய நீதியும் பிறர்சிநேகமும் பரீட்சிக்கப்படும் இடம் இவைதாம்.

2022 ஆம் ஆண்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவ்வாண்டு ஏப்பிரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அரசாங்கம் அறிவித்தது. கப்பலுக்குக் கொடுக்க டொலர் இல்லை. ஆகவே எண்ணெயும் இல்லை. ஆண்டின் தொடக்கத்தில் லீற்றர் 177 ரூபாவுக்கு விற்ற பெற்றோல் ஜூன் கடைசியில் 470 ரூபாவாயிற்று. மார்ச் மாதத்திலேயே பெற்றோல் செட்டுகளில் இராணுவத்தினரை நிறுத்தவேண்டி வந்தது. வெய்யிலில் வரிசையில் நின்ற முதியவர்கள் விழுந்து மாண்ட செய்திகளை வாசித்தோம். ஜூன் கடைசி முதல் ஜூலை 10 ஆம் திகதிவரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று கட்டளை பிறந்தது. மண்ணெண்ணெய் இன்றி மீனவர் வள்ளங்கள் கரையில் கிடந்தன. டீசல் இன்றி உழவு இயந்திரங்கள் வயலோரம் நின்றன.

அந்நாட்களில் இருந்த தட்டுப்பாடு மெய்யானது. ஆனால் மெய்யான தட்டுப்பாட்டுக்கு மேலே மனிதர் தம் கையால் இன்னொரு தட்டுப்பாட்டைச் சேர்த்தனர். பகலில் வரிசையில் நின்று தாங்கியை நிரப்பி, இரவில் குழாய் வைத்து இறக்கிக் கானில் ஊற்றி, மறுநாள் மறுபடியும் வரிசைக்கு வந்தவர்கள் உண்டு. அப்படிச் சேர்த்ததை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு விலைக்கு விற்றவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. அயலானுடைய நெருக்கடியை மூலதனமாக்குவது அநியாயம் என்பது சிறு பிள்ளைக்கும் விளங்கும். நம் கேள்வி அவர்களைப் பற்றியதன்று. ஒருவனுக்கும் தீங்கு நினையாமல், பயத்தினால் மட்டும், முக்கால் தாங்கியை முழுத் தாங்கியாக்க வந்து நிற்கும் யோக்கியமான மனிதரைப் பற்றியது.

அவர் தம் பக்கத்தில் மூன்று நியாயங்களைச் சொல்லுவார். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது: "என் காசைக் கொடுத்து வாங்குகிறேன், களவெடுக்கவில்லையே." உண்மைதான். ஆயினும் அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் சொத்துரிமையைப் பற்றிப் போதிக்கும்போது இரண்டு காரியங்களைப் பிரித்துக் காட்டுகிறார். பொருளைத் தேடிக்கொள்ளவும் நிருவகிக்கவும் மனிதனுக்கு உரிமையுண்டு. அதை உபயோகிக்கும்போதோ, எல்லோருக்கும் உரியதுபோல எண்ணி, தேவைப்படுகிறவனோடு பகிர்ந்துகொள்ள ஆயத்தமாயிருக்க வேண்டும். காசு கொடுத்ததினால் முதற்பாதி நிறைவேறுகிறது. இரண்டாம் பாதி நிலுவையில் நிற்கிறது. மேலும், அரிசியோ மருந்தோ பெற்றோலோ தட்டுப்பாடாகும் நாளில், கொடுக்கும் காசு ஒரு பொருளின் விலையை மட்டுமே தீர்க்கிறது. பின்னால் நிற்பவனுக்கு இல்லாமற் போவதை அது ஈடுசெய்வதில்லை.

இரண்டாவது: "நான் ஒருவன் ஐந்து லீற்றர் கூட அடிப்பதால் நாடு கவிழ்ந்துவிடுமா?" இங்கே சிறிது கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு பட்டினத்தில் ஆயிரம் கார்கள் உண்டென்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றின் தாங்கியும் 40 லீற்றர் கொள்ளும். சாதாரண நாளில் அவை சராசரி அரைவாசி நிறைந்திருக்கும். நாளொன்றுக்குக் கார் ஒன்றுக்கு மூன்று லீற்றர் செலவானால், அப்பட்டினத்துக்குத் தினம் 3,000 லீற்றர் போதும். பவுசரும் அந்தக் கணக்குக்கே வருகிறது. ஒரு வதந்தி கிளம்பி, ஆயிரம் பேரும் அன்றே தாங்கியை நிரப்ப வந்தால், ஒரே நாளில் 20,000 லீற்றர் வேண்டும். ஏறக்குறைய ஏழு நாள் விற்பனை ஒரு நாளில்! எந்தச் செட்டும் தாங்காது. இத்தனைக்கும் ஒருவர்கூட ஒரு மைல் அதிகம் ஓடவில்லை. நிலத்தடித் தாங்கியில் கிடந்த எண்ணெய் கார்த் தாங்கிகளுக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். தேவையே கூடாமல் பஞ்சம் உண்டாகிவிட்டது. ஒவ்வொருவரும் "நான் ஒருவன்தானே" என்றார்கள். அப்படிச் சொன்ன ஆயிரம் பேரும் சேர்ந்ததே அந்தப் பஞ்சம்.

இது வெறுங் கற்பனைக் கணக்கல்ல. உங்களில் பலருடைய பிள்ளைகளும் சகோதரரும் வாழும் பிரித்தானியாவில் 2021 ஆம் ஆண்டு செப்டெம்பர் கடைசியில் இது நடந்தது. பவுசர் ஓட்டச் சாரதிகள் போதாமையால் ஒருசில நிலையங்களை மூட நேர்ந்ததென்று செய்தி வந்தது. சுத்திகரிப்பு நிலையங்களில் எண்ணெய் தாராளமாக இருந்தது. ஆயினும் சனங்கள் ஓடினார்கள். இரண்டு மூன்று நாளில் ஆயிரக்கணக்கான நிலையங்கள் வறண்டன. மருத்துவர், தாதியர் சங்கங்கள் தங்கள் அங்கத்தவர் வேலைக்குப் போக முன்னுரிமை கேட்டு மன்றாடின. ஒக்டோபர் 4 ஆம் திகதி முதல் இராணுவத்தினர் பவுசர் ஓட்டினார்கள். நம் நாட்டிலும் 2025 பெப்ரவரி கடைசியில், விநியோகஸ்தர்களின் தரகுப்பணம் பற்றிய பிணக்கு ஒன்று செய்தியாக, கையிருப்பு இருக்கிறதென்று அரசாங்கம் சொல்லச் சொல்ல வரிசைகள் நீண்டன. பயம் தான் பயந்த காரியத்தைத் தானே உண்டாக்கிவிடுகிறது.

மூன்றாவது நியாயமே கனமானது: "என் பெண்சாதி பிள்ளைகளைக் காப்பது என் கடமை அல்லவா? இரவில் அம்மாவுக்கு நெஞ்சுநோ வந்தால் வெறுந் தாங்கியோடு என்ன செய்வேன்?" இதை அலட்சியமாகத் தள்ள முடியாது. குடும்பத்தைக் காப்பது தகப்பனுடைய கடமையே. வேதாகமத்தை வாசிக்கிறவர் இங்கே ஒரு மறுப்பும் சொல்லலாம்: "விவேகமுள்ள ஐந்து கன்னியர் எண்ணெய் சேர்த்து வைத்திருந்தார்கள். மற்றவர்கள் கேட்டபோது கொடுக்கவுமில்லை. அவர்களை ஆண்டவர் புகழ்ந்தாரே!"

நல்ல மறுப்புத்தான். ஆனால் அவர்கள் எண்ணெயை எடுத்துக்கொண்டது எப்போது என்று கவனியுங்கள். புறப்படும்போதே, ஒரு நெருக்கடியும் இல்லாத வேளையில், கடையில் எண்ணெய் கிடைக்கும்போதே எடுத்துக்கொண்டார்கள். நடுச்சாமத்தில் கூக்குரல் கேட்டபின் ஓடியவர்கள் புத்தியீனரான மற்ற ஐவர்தாம். அன்றியும் அர்ச். கிறிசோஸ்தோம் அந்த எண்ணெய்க்கு எளியவர்மேல் காட்டும் இரக்கம் என்றே பொருள் சொல்லுகிறார். இரக்கத்தை அயலாரிடம் இரவல் வாங்க முடியாது. எனவே, எளியவனுக்குக் கிடைக்காமற் செய்து தனக்குச் சேர்த்துக்கொள்ள இந்த உவமையைச் சாட்சிக்கு அழைப்பது பொருந்தாது.

எஜிப்து தேசத்தில் சூசை தானியம் சேர்த்ததையும் பாருங்கள். விளைச்சல் மிகுந்த ஏழு வருஷங்களில் சேர்த்தார்; தன் வீட்டுக்கென்று ஒளித்து வைக்காமல் தேசத்துக்கென்று சேர்த்தார். வனாந்தரத்தில் மன்னாவை அன்றன்றைக்கு வேண்டியதற்கு மேல் மறுநாளைக்கென்று மிச்சம் வைத்தவர்களுக்கோ அது புழுத்துப்போயிற்று. சேர்ப்பது ஓரிடத்தில் புண்ணியமாகவும் ஓரிடத்தில் குற்றமாகவும் இருக்கிறது. வித்தியாசம் எங்கே? மூன்று கேள்விகள் போதும். எப்போது சேர்க்கிறேன், கிடைக்கும் காலத்திலா, தட்டுப்பாட்டிலா? எவ்வளவு சேர்க்கிறேன், தேவைக்கா, பயத்துக்கா? நான் எடுப்பதினால் யாருக்கு இல்லாமற் போகிறது? மூன்றாம் கேள்விக்கு விடை தெரியாவிட்டால், வரிசையில் பின்னால் திரும்பிப் பாருங்கள். அங்கே ஓட்டோ ஓடி அன்றாடம் சீவிப்பவர் நிற்பார். அவருக்கு அந்த ஐந்து லீற்றர் அன்றைய சோறு.

ஆகவே முக்கால் தாங்கிக்காரருக்கு நாம் சொல்வது இது: வீட்டில் நோயாளி இருந்தால், உமக்கு மெய்யாகவே தேவையிருந்தால், வரிசையில் நில்லும், தேவையானதை வாங்கும், உமக்குக் குற்றமில்லை. அப்படியில்லாவிட்டால் காரைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போம். இதனால் உமக்கு நட்டம் வராதென்று நாம் உறுதி சொல்லவில்லை. மற்றவர்கள் நிரப்பிக்கொண்டு போக, திங்கட்கிழமை நீர் சைக்கிள் மிதிக்க நேரலாம். அயலார் உம்மை ஏமாளி என்னலாம். நீதிக்கு விலையுண்டு; சில வேளை அது ஐந்து மைல் சைக்கிள் ஓட்டம். 1990 ஆம் ஆண்டுக்குப் பிந்திய பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தார் சைக்கிளிலேயே நோயாளியையும் ஏற்றினார்கள், விறகும் ஏற்றினார்கள். சில துளி பெற்றோல் காட்டிக் கிளப்பி, பழைய மொறிஸ் மைனர்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அதைக் கண்டவர்கள் ஐந்து மைலுக்கு அஞ்சமாட்டார்கள்.

இந்தச் சங்கடத்துக்கு முன்கூட்டியே ஒரு பரிகாரமும் உண்டு. எல்லாம் கிடைக்கும் சாதாரண நாட்களில் தாங்கியை அரைவாசிக்குக் கீழே இறங்க விடாதிருங்கள். அப்போது வதந்தி வரும் நாளில் உங்களுக்கு ஓடவேண்டிய அவசியமே இராது. உங்கள் இடத்தை மெய்யாகத் தேவைப்பட்டவருக்கு விட்டுக்கொடுக்கலாம். முன்யோசனை வேளைக்கு வந்தால் பிறர்சிநேகத்துக்கு வழி திறக்கும்.

ஆள்வோருக்கும் இதில் கடமை உண்டு. 2022 ஜூலை நடுவில் கியூஆர் அட்டை வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20 என்று பங்கு வகுத்தார்கள். எண்ணெய் திடீரென்று பெருகிவிடவில்லை. ஆயினும் நாட்கணக்காய் நீண்ட வரிசைகள் சில வாரங்களில் குறுகின. தன் பங்கு தனக்கு வரும் என்ற நம்பிக்கை வந்ததும் மனிதர் வீட்டிலிருக்கத் துணிந்தார்கள். அம்முறை 2023 செப்டெம்பர் 1 இல் நிறுத்தப்பட்டது. அது கற்பித்த பாடம் நிற்கிறது. உண்மையை நேரத்துக்குச் சொல்லி நியாயமாய்ப் பங்கிடுவது அதிகாரிகள் கடன். விசாரியாமல் வதந்தியை வட்ஸ்அப்பில் பத்துப் பேருக்கு அனுப்பாதிருப்பது நம் கடன்.

வரிசையில் வெளிப்படும் அதே குணம் வீதியிலும் வெளிப்படுகிறது. கண்டி வீதியில் பஸ் ஒன்று பஸ் ஒன்றை முந்தி எதிர்ப்புறத்தால் வருகிறது. ஒரு மோட்டார் சைக்கிள் இடதுபுறத்தால் நுழைகிறது. நமக்குக் கோபம் வருகிறது. வரவேண்டியதும் நியாயமே: 2023 இலும் 2024 இலும் இந்நாட்டு வீதிகளில் ஆண்டொன்றுக்கு 2,000 பேருக்கு மேல் மாண்டார்கள். ஆனால் அந்தக் கோபம் நம்மை எங்கே கொண்டுபோகிறது என்று பாருங்கள். பிறன் அவசரமாய் ஓடினால் அவன் முரடன், நாம் ஓடினால் "பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பிந்திவிட்டது." அவனுடைய செயலை மட்டும் காண்கிறோம்; நம்முடைய செயலோடு காரணத்தையும் காண்கிறோம். 1981 இல் ஓலா ஸ்வென்சன் என்னும் சுவீடன் ஆய்வாளர் தம் ஆராய்ச்சியில் பங்குபற்றிய சாரதிகளிடம், குழுவிலுள்ள மற்றவரோடு ஒப்பிட்டால் உங்கள் திறமை எப்படி என்று கேட்டார். அமெரிக்கரில் நூற்றுக்கு 93 பேரும், சுவீடன் நாட்டவரில் 69 பேரும் தாம் முன் பாதியைச் சேர்ந்தவர் என்றார்கள். பாதிக்குள் பாதிப்பேர்தானே அடங்குவர்! மிச்சப் பேர் யாரென்று அவரவர் தம்மைக் கேட்கட்டும்.

இதனால் கெட்ட ஓட்டத்தைப் பொறுத்துக்கொள் என்று சொல்லவில்லை. செயலைக் கண்டியுங்கள்; வேண்டுமானால் முறைப்பாடும் செய்யுங்கள். ஓட்டியவனுடைய உள்ளத்தைத் தீர்ப்பிடுவதை விட்டுவிடுங்கள். அவனுக்குப் பாடம் படிப்பிக்கப் போய் நாமும் முந்தி ஓடினால், வீதியில் ஆபத்து இரண்டாகும். அயலான் வரிசை குலைத்தான் என்பதற்காக நமக்கும் குலைக்க உரிமை வந்துவிடாது.

இந்த வாரம் ஒருநாள் இரவு செபத்துக்குப்பின் குடும்பமாய் இருந்து இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இவ்வாரம் நான் எடுத்ததில் எனக்குத் தேவையில்லாதது எது? அதனால் யாருக்குக் குறைந்தது? நான் நிச்சயமறியாமல் பரப்பிய செய்தி எது? வீதியில் யாரை ஏசினேன்? அதே காரியத்தை நான் செய்த நாள் எது? பிள்ளைகளையும் பதில் சொல்ல விடுங்கள். பின் ஆசனத்திலிருந்து நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் அவர்கள்தாம். நாளை சாரதி ஆசனத்தில் அமரப்போகிறவர்களும் அவர்களே.