கல்லக்குடியும் குனு/லினக்ஸும்

விழுப்புரத்திலிருந்து திருச்சிக்கு கார்டு லைனில் போகும்போது, அரியலூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் 'கல்லக்குடி பழங்காநத்தம்' என்றொரு ஸ்டேஷன் வரும். அதன் பலகையில் ஒரு காலத்தில் 'டால்மியாபுரம்' என்று எழுதியிருந்தது. 1939-இல் அங்கே சிமெண்ட் ஆலை தொடங்கிய குடும்பத்தின் பெயர் அது. 1953 ஜூலை 15 அன்று, மும்முனைப் போராட்டத்தின் ஒரு முனையாக, அந்தப் பெயரை எடுத்துவிட்டுக் கல்லக்குடி என்று வைக்கக் கோரி தி.மு.க.வினர் அங்கே திரண்டார்கள். மு. கருணாநிதி தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்தார், சிறைக்குப் போனார். துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. பல வருஷம் கழித்துத்தான் பலகை மாறியது.

எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த கதை. சின்ன வயதில் கேட்டபோது, ஒரு பலகைக்காகவா இவ்வளவு என்றுதான் தோன்றியது. மென்பொருள் வேலைக்கு வந்து, கையேடுகள் எழுத ஆரம்பித்த பிறகு அந்தக் கேள்வி வேறு வடிவத்தில் திரும்பி வந்தது. கணினி உலகிலும் முப்பது வருஷமாக ஒரு பலகைச் சண்டை நடக்கிறது. உலகத்தின் பெரும்பாலான சர்வர்களில் ஓடும் அந்த இயங்குதளத்துக்குப் பெயர் 'லினக்ஸ்' என்பதா, 'குனு/லினக்ஸ்' என்பதா?

பழக்கமில்லாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யாரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்ற உரிமையோடு ஒரு முழு இயங்குதளத்தை எழுதப்போவதாக ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983 செப்டம்பர் 27 அன்று அறிவித்தார். அதற்கு குனு என்று பெயர் வைத்தார். கம்பைலர், ஷெல், கோப்புகளைக் கையாளும் சிறுசிறு கட்டளைகள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. நடுவில் இருக்க வேண்டிய கெர்னல் மட்டும் இழுத்துக்கொண்டே போனது. 1991-இல் ஃபின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் ஒரு கெர்னலை எழுதினார். அடுத்த வருஷமே குனுவின் உரிமத்தின் கீழ் அதை வெளியிட்டார். இரண்டும் சேர்ந்தன, முழு இயங்குதளம் கிடைத்தது. சேர்ந்ததற்கு ஊர் வைத்த பெயர், லினக்ஸ்.

இதில் லினஸைத் திருடன் ஆக்கிவிட முடியாது. அவர் தன் கெர்னலுக்கு முதலில் யோசித்த பெயர் 'ஃப்ரீக்ஸ்'. கோப்புகளை சர்வரில் ஏற்றிக்கொடுத்த நண்பர் ஆரி லெம்கே, அந்தப் பெயர் பிடிக்காமல், 'லினக்ஸ்' என்று அடைவுக்குப் பெயர் வைத்துவிட்டார். தன் கெர்னல் தனியாக எதற்கும் உதவாது, கூட ஓடும் கருவிகளில் பெரும்பாலானவை குனுவுடையவை என்று லினஸே முதல் பதிப்போடு வந்த குறிப்பில் எழுதியிருக்கிறார். டால்மியாபுரம் மாதிரி முதலாளி ஒருவர் நட்ட பலகை இல்லை இது. ஆட்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு நின்றுபோன பெயர்.

பிறகு எதற்கு வம்பு? குனு தரப்பு வழக்கமாகச் சொல்லும் காரணம், உழைத்தவனுக்கு உரிய பங்கு. தொண்ணூறுகளில் ஒரு வழங்கலின் மூலநிரலை எண்ணிப் பார்த்தபோது குனுவின் பங்கு சுமார் 28 சதவீதம், லினக்ஸ் கெர்னலின் பங்கு சுமார் 3 சதவீதம் இருந்தது என்று கணக்கும் காட்டுவார்கள். எனக்கு இந்தக் கணக்கில் ஈர்ப்பு இல்லை. 28-ஐயும் 3-ஐயும் கூட்டினால் 31. மீதி 69 சதவீதத்தை எழுதியவர்கள் எந்தப் பலகையில் ஏறுவார்கள்?

அரியலூர்க்கார நண்பன் ஒருவனோடு சேர்ந்து பள்ளி மாணவர்களுக்கான தமிழ்க் கையேடு ஒன்றை எழுதிக்கொண்டிருந்தபோது அவன் இதையே அவன் பாணியில் கேட்டான். "பஸ் போர்டுல அரியலூர்னுதான்டா போட்டிருக்கும். பாடி கட்டினவன் பேரு, டயர் கம்பெனி பேரு, டிரைவர் பேரு எல்லாத்தையும் எழுதிட்டிருந்தா எந்த ஊருக்குப் போவுதுன்னு எவன் படிப்பான்?" கேலியாகச் சொன்னாலும் அதில் ஒரு கொள்கை இருக்கிறது. பெயர் என்பது நன்றி நவிலல் இல்லை. வாசகனுக்கு வழி காட்ட வேண்டியது அதன் வேலை. நன்றி சொல்ல முன்னுரை இருக்கிறது, பின்னிணைப்பு இருக்கிறது. இதில் அவன் சொன்னதுதான் சரி.

ஆனால் வழி காட்டுவது என்றால் என்ன? அதே நண்பனின் ஊரையே எடுத்துக்கொள்ளலாம். 2001 ஜனவரி 1-இல் பெரம்பலூர் மாவட்டத்திலிருந்து அரியலூர் மாவட்டம் பிரிக்கப்பட்டது. 2002 மார்ச் 31-இல் மறுபடி பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டது. 2007 நவம்பர் 23-இல் திரும்பவும் தனி மாவட்டம். இந்த ஏழு வருஷத்தில் அரியலூர் ஒரு அங்குலம்கூட நகரவில்லை. அதே சுண்ணாம்புக்கல், அதே லாரிப் புழுதி. பெயர் மட்டும் வந்தது, போனது, வந்தது. ஆனால் பட்டாவுக்கு மனு கொடுக்கப் போன நண்பனின் அப்பாவுக்கு அது வெறும் பெயர் இல்லை. பெயர் இருந்தபோது கலெக்டரைப் பார்க்க சைக்கிளில் போனார். பெயர் போனபோது முப்பது கிலோமீட்டர் சொச்சம் பஸ்ஸில் போனார். 'அரியலூர் மாவட்டம்' என்ற இரண்டு சொற்கள் அவருக்குச் சொன்னது, உன் மனுவை எங்கே கொடுக்க வேண்டும் என்பதை.

ஒரு இயங்குதளத்தின் பெயரையும் அப்படித்தான் பார்க்கிறேன். லினக்ஸ் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு போகிற மாணவி, ஒரு நல்ல கெர்னலிடமும் அதை எழுதிய கெட்டிக்கார இளைஞனின் கதையிடமும் போய்ச் சேருவாள். குனு என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு போனால் வேறு ஒன்று கிடைக்கும்: இதை எதற்காக எழுதினார்கள் என்ற காரணமும், பூஜ்யத்திலிருந்து மூன்று வரை எண்ணிட்ட நான்கு உரிமைகளும். எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம், எப்படி வேலை செய்கிறது என்று படித்து மாற்றலாம், பிறருக்குப் பிரதி கொடுக்கலாம், மாற்றியதையும் கொடுக்கலாம். அவள் மனுவை எங்கே கொடுப்பது என்பதை மட்டுமில்லாமல், அவளுக்கு என்ன உரிமை இருக்கிறது என்பதையும் அந்தச் சொல் காட்டுகிறது.

உரிமை தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதைப் பெரம்பலூரில் பார்த்திருக்கிறேன்.

2011 செப்டம்பர் 15-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. திட்டத்தின் பெயரில் 'இலவசம்' என்ற சொல் கிடையாது, 'விலையில்லா மடிக்கணினி'. இலவசம் என்றால் இளப்பமாகத் தொனிக்கும் என்று யோசித்து எடுத்த சொல்லாக இருக்கலாம். ஊரில் எல்லோரும் சொன்னது கவர்மெண்ட் லேப்டாப், அம்மா லேப்டாப். உள்ளே இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ். இன்னொன்று பாஸ், அதாவது பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம், டெபியன் குனு/லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கியது.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடையில் அந்த லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்த பிளஸ் டூ பையன் ஒருவனிடம் பேச்சுக் கொடுத்தேன். "இதுல ரெண்டு இருக்குண்ணா. பாஸு வேஸ்ட்டு. அத அழிச்சிட்டா எடம் கெடைக்கும், படம் ஏத்திக்கலாம்" என்றான். ஏன் வேஸ்ட் என்று கேட்டேன். "ஃப்ரீயா குடுத்ததுதானண்ணா. விண்டோஸ்னா காசு குடுத்து வாங்குறது" என்றான்.

அவன்மேல் எனக்கு வருத்தமில்லை. அவனுக்குத் தெரிந்த சொற்களை வைத்து அவன் போட்ட கணக்கு சரியானதுதான். ஆங்கிலத்தில் ஃப்ரீ என்ற ஒரே சொல் காசில்லாததையும் சுதந்திரத்தையும் குறிக்கும். ஸ்டால்மன் நாற்பது வருஷமாக ஊர் ஊராகப் போய் அந்த முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார். தமிழில் அந்தச் சிக்கலே இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. 'கட்டற்ற மென்பொருள்' என்ற சொல் நம்மிடம் புழக்கத்திலும் இருக்கிறது. இருந்தும் அந்தப் பையனிடம் போய்ச் சேர்ந்தது 'விலையில்லா' என்ற ஒன்றுதான்.

லேப்டாப்பை விற்கக் கூடாது என்று சொல்லித்தான் பள்ளியில் கொடுத்திருந்தார்கள். அதன் உள்ளே இருந்த விண்டோஸை இன்னொருவருக்குப் பிரதி எடுத்துக் கொடுக்க அவனுக்கு உரிமை இல்லை. வேஸ்ட் என்று அவன் அழிக்கச் சொன்ன பாஸைத்தான் தெரு முழுக்கப் பிரதி எடுத்துக் கொடுத்திருக்கலாம். அதிலிருந்த குனு கருவிகளைத் திறந்து படித்திருக்கலாம், மாற்றியிருக்கலாம், மாற்றியதைக் காசுக்கு விற்றிருக்கவும் செய்யலாம். அந்த மடிக்கணினியில் அவனுக்கு அதிகபட்ச உரிமை இருந்த பகுதி அதுதான். கடைக்காரர் பத்து நிமிஷத்தில் அதை அழித்துக்கொடுத்தார்.

'பாஸ் குனு/லினக்ஸ்' என்று மேசைத்திரையில் பெரிதாக எழுதியிருந்தால் அவன் அழிக்காமல் இருந்திருப்பானா? அப்படிச் சொன்னால் பொய். குனு/லினக்ஸ் என்ற பெயர் சி-டாக்கின் அறிமுகக் குறிப்புகளில் இருக்கத்தான் செய்தது. பெயர் மட்டும் யாருக்கும் எதையும் கற்றுக்கொடுத்துவிடாது. ஆனால் தெரிந்துகொள்ள நினைக்கிற ஒருத்திக்கு ஒரு நூல்முனை வேண்டும். நூறு பேரில் ஒருத்தி "இது என்ன குனு?" என்று கேட்பாள். சொல்லே இல்லையென்றால் கேள்வியும் இல்லை.

நண்பனிடம் இதைச் சொன்னபோது அவன் அடுத்த கேள்வியைப் போட்டான். "அப்ப கடையில, பேச்சுல எல்லாம் நீ குனு ஸ்லாஷ் லினக்ஸ்னுதான் சொல்லுவியா?" இல்லை. பேச்சில் நானும் லினக்ஸ் என்றுதான் சொல்கிறேன், அப்படிச் சொல்கிறவர்களை நிறுத்தித் திருத்துவதும் இல்லை. பேச்சில் எதிரே ஆள் இருக்கிறார். புரியவில்லையென்றால் கேட்பார், விளக்கலாம். கையேட்டைப் படிக்கிறவள் எங்கேயோ குன்னத்திலோ செந்துறையிலோ தனியாக உட்கார்ந்திருக்கிறாள். என்னிடம் திரும்பிக் கேட்க அவளால் முடியாது. நான் எழுதியதுதான் அவளுக்குப் பலகை. கேட்க முடியாதவர்களுக்காக எழுதும்போது பேச்சில் இருப்பதைவிடக் கூடுதல் துல்லியம் வேண்டும். கையேடு எழுதுகிறவனின் அறம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான் என்று நினைக்கிறேன்.

துல்லியம் என்றால் இரண்டு பக்கமும் துல்லியம். 'குனு' என்பதை எல்லா இடத்திலும் ஒட்டிவிடுவதும் பொய்தான். ஆண்ட்ராய்டில் லினக்ஸ் கெர்னல் இருக்கிறது, குனு கருவிகள் இல்லை. கண்டெய்னர்களில் நிறையப் பேர் பயன்படுத்தும் ஆல்பைன் லினக்ஸ், குனுவின் லைப்ரரிக்குப் பதில் மசல் என்பதையும், குனுவின் கட்டளைகளுக்குப் பதில் பிஸிபாக்ஸையும் வைத்திருக்கிறது. அவற்றைக் குனு/லினக்ஸ் என்று எழுதினால், டால்மியாபுரம் பலகையை நாம் வேறொரு ஊரில் நடுகிறோம். கல்லக்குடியில் இன்றும் ஆலையின் பெயர் டால்மியாதான். அதை யாரும் பிடுங்கவில்லை, பிடுங்க வேண்டியதும் இல்லை. ஆலைக்கு ஆலையின் பெயர், ஊருக்கு ஊரின் பெயர். கெர்னலுக்கு லினக்ஸ் என்ற பெயர் முழுக்கப் பொருந்தும்.

இந்த இயங்குதளத்தையே கேட்டுப் பார்க்கலாம். பெரும்பாலான வழங்கல்களில் டெர்மினலைத் திறந்து யூநேம் என்ற கட்டளையை வெறுமனே கொடுத்தால் 'லினக்ஸ்' என்று பதில் வரும். அது கெர்னலின் பெயர். கூடவே ஓ என்ற எழுத்தைக் கோடு போட்டுச் சேர்த்துக் கொடுத்தால், இயங்குதளத்தின் பெயரைச் சொல்லும்: 'குனு/லினக்ஸ்'. யூநேம் குனு எழுதிய கருவி, அதனால் அது தன் கட்சியைத்தான் பேசும் என்று நண்பன் சிரித்தான். இருக்கட்டும். கெர்னல் எது, இயங்குதளம் எது என்ற இரண்டு கேள்விகளையும் அது குழப்பிக்கொள்வதில்லை.

கடைசியில் கையேட்டுக்கு நாங்கள் எடுத்த முடிவு இது. கெர்னலைப் பற்றிப் பேசும் இடத்தில் லினக்ஸ். குனு கருவிகளோடு சேர்ந்த முழு அமைப்பைப் பற்றிப் பேசும் இடத்தில் குனு/லினக்ஸ். மற்றவற்றுக்கு அதது தனக்கு வைத்துக்கொண்ட பெயர். 'இலவச மென்பொருள்' என்று எங்குமே எழுதுவதில்லை, கட்டற்ற மென்பொருள்தான். முதல் அத்தியாயத்தில், நிறுவும் வழிமுறைக்கு முன்னாலேயே, இந்தப் பெயரில் ஏன் ஒரு சாய்கோடு இருக்கிறது என்று அரைப்பக்கம். நண்பன் கேட்டதால் அந்த அரைப்பக்கத்தில் ஸ்டால்மனின் பெயரும் லினஸின் பெயரும் ஒரே ஒரு தடவைதான் வருகின்றன. மீதி இடத்தில், படிக்கிறவள் என்னவெல்லாம் செய்யலாம் என்ற நான்கு வரிகள் இருக்கின்றன.

2025-26 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கணினி தரப்போவதாக அரசு அறிவித்தது. 20 லட்சம் திரைகள். அவற்றின் மூடியில் யார் படம் இருக்க வேண்டும் என்று பேச நிறையப் பேர் இருப்பார்கள். உள்ளே இருப்பதில் எது அந்த மாணவர்களுடையது என்று சொல்லும் காகிதத்தை எழுதப் போகிறவர்கள் கொஞ்சப் பேர்தான். அவர்கள் எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதை நான் கவனித்துக்கொண்டிருப்பேன்.