முகத்துக்கு ஒதுக்கும் பொதுப்பணம்

உயிர் காக்கும் ஆய்வுக்கே பணம் போதாதபோது, முகத்தைச் சீரமைக்கும் ஆய்வுக்குப் பொதுப்பணம் ஒதுக்குவது நியாயமா என்பது மருத்துவ அறத்தில் ஒரு கடினமான கேள்வி. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் உயிரே முந்தும். ஆனால் இமை வெந்து சுருங்கியவருக்குக் கண் மூடாது. கருவிழி உலர்ந்து பார்வையே போகலாம். உதடு சுருங்கினால் சோறு வாயில் நிற்காது. இதை அலங்காரம் என்று ஒதுக்குவது கொடுமை.

ஆய்வின் பயனை முன்கூட்டியே அளக்கவும் முடியாது. இரண்டாம் உலகப் போரில் தீக்காயம்பட்டோருக்காக, பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் உயிரியலாளர் பீட்டர் மெடாவரின் தோல் ஒட்டு ஆய்வுக்கு உதவியது. கிளாஸ்கோவில் அவரும் அறுவை மருத்துவர் தாமஸ் கிப்சனும், ஒரே கொடையாளியின் தோலை மறுமுறை ஒட்டியபோது அது முன்னைவிட விரைவில் அழிவதைக் கண்டு 1943இல் வெளியிட்டனர். உடலின் நோயெதிர்ப்பாற்றலே அயல் தோலை நிராகரிக்கிறது என்ற புரிதல் இப்படி வலுப்பட்டது. உறுப்பு மாற்று சிகிச்சையின் அடித்தளங்களுள் அதுவும் ஒன்று.