திகிற்படச் சுவரொட்டியும் வாய்மையும்

அச்சத்தை விலக்க முயல்வது உயிர்களின் இயல்பு. அவ்வாறிருக்கவும் பணங்கொடுத்து நுழைவுச்சீட்டுப் பெற்று, இருண்ட மண்டபத்தில் அமர்ந்து, அஞ்சுதற்கென்றே மனிதர் காத்திருக்கின்றனர். துன்பியல் நாடகம் அச்சத்தையும் இரக்கத்தையும் எழுப்பி இன்பம் பயப்பது எவ்வாறு என ஆராய்ந்த அரிஸ்டோட்டில் முதலாக இம்முரண்பாடு அழகியலாரின் சிந்தனைக்கு உரியதாய் இருந்துவந்துள்ளது. எனினும் அவர்களின் நோக்கு பெரும்பாலும் அரங்கினுள்ளே நிகழ்வதன்மீதே பதிந்திருந்தது. அரங்குக்கு வெளியே, தெருச்சுவரில் ஒட்டப்படும் தாள் எழுப்பும் வினா வேறு வகையானது. அழகியல் வினாவாகத் தொடங்கும் அது, சற்று ஊன்றி நோக்குமிடத்து, அறவியல் வினாவாக மாறிவிடுகிறது.

அரங்கினுள் இருப்பவர் அஞ்சுதற்கு உடன்பட்டவர். தெருவிற் செல்பவர் அத்தகைய உடன்பாடு எதனையும் அளித்தவரல்லர். சுவரொட்டியோ இவ்விரு திறத்தாருக்கும் ஒரே முகத்தைக் காட்டவேண்டியிருக்கிறது. முதல்வரை அழைக்குமிடத்தும் அதற்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. அஞ்சத்தக்கதை முழுவதும் காட்டிவிடின் படத்திற் காண்பதற்கு எஞ்சுவது யாதுமில்லை. யாதொன்றும் காட்டாவிடின் வருவார் எவருமில்லை. எவ்வளவு காட்டுவது, எதனை மறைப்பது, மறைத்தல் பொய்யாகுமா என்னும் வினாக்கள் இங்கிருந்தே பிறக்கின்றன.

ஜேர்மன் திறனாய்வாளரான லெசிங் 1766இல் வெளியிட்ட 'லயோகூன்' என்னும் நூலில், ஓவியனுக்கும் சிற்பிக்கும் வாய்ப்பது ஒரேயொரு கணமே என்றும், ஆதலின் உணர்ச்சியின் உச்சத்தை அவர்கள் தேர்ந்தெடுத்தல் தகாது என்றும் வாதிட்டார். உச்சத்தைக் கண்டுவிட்ட கண்ணுக்கு அப்பாற் செல்ல வழியில்லை. அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னரே எட்மண்ட் பேர்க், அச்சத்துக்குத் தெளிவின்மை இன்றியமையாதது என எழுதியிருந்தார். ஆபத்தின் முழு அளவும் தெரிந்து கண் அதற்குப் பழகியதும் அச்சத்தின் பெரும்பகுதி அகன்றுவிடும் என்பது அவர் கருத்து. திகிற்படச் சுவரொட்டி எதனையும் இவ்விருவரும் கண்டாரல்லர். ஆயினும் அதன் இலக்கணம் அவர்களின் கூற்றுக்களிலே அடங்கியிருக்கிறது எனலாம்.

இதற்கு 1973இல் வெளிவந்த 'த எக்ஸோசிஸ்ற்' தக்க சான்றாகும். பேய் பற்றிய சிறுமியின் உருக்குலைந்த முகம் அப்படத்தைப் பார்த்தோர் எவரும் மறவாதது. பில் கோல்ட் வடிவமைத்த சுவரொட்டியிலோ அம்முகம் இல்லை. இரவு வேளை, ஒரு வீடு, தெருவிளக்கருகே தொப்பியணிந்து கையிற் பையுடன் நிற்கும் ஒருவர், மாடிச் சாளரத்திலிருந்து அவர்மீது வீழும் ஒளி. அவ்வளவே. பெல்ஜிய ஓவியர் றெனே மக்ரித்தின் 'ஒளியின் பேரரசு' என்னும் ஓவியம் இக்காட்சிக்குத் தூண்டுதலாயிற்று. ஒளி நன்மைக்கும் இருள் தீமைக்கும் குறியாதல் சமயங்கள் பலவற்றுக்கும் பொதுவான வழக்கு. இங்கோ தீமை குடிகொண்ட அறையிலிருந்தே ஒளி வருகிறது. அதனை எதிர்க்க வந்த குருவானவர் கரிய நிழலாக நிற்கிறார். குறிகள் இடம் மாறியமையை அறிவு கண்டுகொள்வதற்கு முன்னரே மனம் கலங்கிவிடுகிறது. அவர் இன்னும் வீட்டினுள் நுழையவில்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கது. லெசிங் வேண்டிநின்ற கணம், உச்சத்துக்கு முந்திய கணம், இதுவே.

தொல்காப்பியர் அச்சத்தை எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்து, அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கினின்றும் அது பிறக்கும் என வகுத்தார். 1922இல் வந்த ஜேர்மன் படமான 'நொஸ்பெராட்டு' முதலாகத் திகிற்படங்களிற் பெரும்பாலனவற்றை இந்நான்கனுள் முதல் மூன்றில் அடக்கிவிடலாம். (இறைக்கு அஞ்சும் அச்சம் சுவரொட்டிகளில் அரிதாகவே இடம்பெறுகிறது. ஆள்வோர் அதனை விரும்பமாட்டார் என்பது காரணமாதல் கூடும்.) ஆயின் இவ்வகுப்பைக் காட்டிலும் மெய்ப்பாடு என்னும் சொல்லே இங்குப் பயன் மிக்கது. அகத்து நிகழ்வது மெய்யிற் புலப்படுதலே மெய்ப்பாடு. சிறந்த சுவரொட்டி ஓவியர் சிலர் அஞ்சத்தக்க பொருளை விடுத்து அச்சத்தின் மெய்ப்பாட்டையே வரைந்தனர். 1980இல் வெளியான 'த ஷைனிங்' படத்துக்குச் சோல் பாஸ் வரைந்த மஞ்சள் நிறச் சுவரொட்டியில், படப்பெயரின் எழுத்துக்குள்ளிருந்து ஒரு முகம் வெறித்து நோக்குகிறது. அது யாருடைய முகம், எதனைக் கண்டு அவ்வாறாயிற்று என்பதற்கு விடை அத்தாளில் இல்லை. நெறியாளர் ஸ்ரான்லி குப்ரிக் பல மாதிரிகளை ஏற்காது திருப்பிய பின்னரே அவ்வடிவம் உருப்பெற்றது.

இனி, மறைத்தல் பொய்யாகுமா என்பது. பொய்யை எந்நிலையிலும் ஏற்காத கான்ற் கூட உள்ளத்திலுள்ள யாவற்றையும் சொல்லியே தீரவேண்டும் எனக் கருதினாரல்லர். சொல்வது உண்மையாயிருத்தல் வேண்டும் என்பதே அவர் வற்புறுத்தியது. இவ்வேறுபாட்டைக் கொண்டு 'எக்ஸோசிஸ்ற்' சுவரொட்டியை எளிதிற் குற்றமற்றது எனத் தீர்த்துவிடலாம். அல்பிரட் ஹிட்ச்கொக்கின் 'சைக்கோ' (1960) அவ்வளவு எளிதன்று. அதன் சுவரொட்டியில் நடிகை ஜனெற் லீயின் உருவமே கண்ணைக் கவர்கிறது. அவரே இறுதிவரை கதையைக் கொண்டுசெல்லும் தலைவி என எவரும் எண்ணுவர்; எண்ணவேண்டும் என்பதே நோக்கமும் ஆகும். ஆனால் படம் பாதியை எட்டுவதற்கு முன்னரே அவர் ஏற்ற பாத்திரம் குளியலறையிற் கொலையுண்கிறது. படம் தொடங்கிய பின்னர் எவரையும் அரங்கினுள் விடுவதில்லை என்னும் புகழ்பெற்ற அறிவித்தலும் இத்துடன் தொடர்புடையதே. தாமதமாக வருபவர் இல்லாத தலைவியைத் தேடி எதிர்பார்த்திருப்பார் அல்லவா?

இச்சுவரொட்டியில் சொல்லளவிற் பொய் இல்லை. ஆனால் பொய்யான நம்பிக்கையொன்று வேண்டுமென்றே விதைக்கப்படுகிறது. கான்றின் அளவுகோல் இங்குப் போதாது. செப்படி வித்தை காட்டுபவனை எவரும் பொய்யன் எனப் பழிப்பதில்லை. பார்ப்போர் ஏமாறுதற்கென்றே வந்தவர். 'சைக்கோ'வைப் பார்க்கச் சென்றோரின் நிலையும் அத்தகையது. உண்மை வெளிப்பட்ட பின்னரும் அவர்கள் சுவரொட்டியைக் குறைகூறவில்லை, அடுத்தவருக்கு முடிவைச் சொல்லாது அந்தப் பொய்யைக் காப்பாற்றவே செய்தனர். ஏமாற்றப்பட்டவர் அறிந்தபின் மனமுவந்து ஏற்கும் ஏமாற்றை வஞ்சகம் எனல் பொருந்தாது.

எனினும் இவ்விடை நுழைவுச்சீட்டு வாங்கியவருக்கே பொருந்தும். அவ்வுடன்படிக்கைக்கு வெளியே நிற்போர் பற்றி அது மௌனமாயிருக்கிறது. ஸ்ரீவன் ஸ்பீல்பேர்க்கின் 'ஜோஸ்' (1975) இதனைத் தெளிவாக்குகிறது. றொஜர் காஸ்ரல் முதலிற் பீற்றர் பெஞ்ச்லியின் நாவலின் மலிவுப் பதிப்பு அட்டைக்கென வரைந்த ஓவியமே படத்தின் சுவரொட்டியாயிற்று. நீர்ப்பரப்பில் தனியே நீந்தும் பெண். அவளுக்கு நேர் கீழே, ஆழத்திலிருந்து மேல்நோக்கி எழும், பற்கள் நிறைந்த பெருவாய். நீருக்கு மேலும் கீழும் ஒருங்கே காணும் வாய்ப்புப் பார்ப்பவருக்கு மட்டுமே உண்டு. அப்பெண் எதனையும் அறியாள். அறிந்தும் எச்சரிக்க இயலாமையே இவ்வோவியம் தரும் அச்சம். படத்திலோ சுறாவின் உருவம் முற்பகுதியிற் பெரும்பாலும் மறைந்தே இருக்கிறது. இயந்திரச் சுறா உப்புநீரில் அடிக்கடி பழுதுற்றமை இதற்கு ஒரு காரணம். சுவரொட்டி காட்டியதைப் படம் மறைக்கிறது என்பது பிற படங்களின் முறையைத் தலைகீழாக்குவதாகும்.

இங்கே பணம் கொடுத்தவர் எவரும் ஏமாற்றப்படவில்லை. ஏமாற்றம் சுறாவைப் பற்றியது. ஓவியத்தின் விலங்கு இயற்கையில் எச்சுறாவும் எட்டாத பேருருவினது. மனிதரைத் தேடிக் கொல்லும் வன்மம் சுறாவுக்குக் கற்பிக்கப்பட்டது. பெஞ்ச்லி பிற்காலத்தில் இதற்காக வருந்தி, 2006இல் இறக்கும்வரை கடல்வாழ் உயிர்களைக் காக்கும் பணியில் ஈடுபட்டார். ஸ்பீல்பேர்க்கும் 2022இல் தம் வருத்தத்தை வெளியிட்டார். 1970 முதலான அரை நூற்றாண்டில் பெருங்கடற் சுறாக்களும் திருக்கைகளும் 71 வீதத்தால் அருகிவிட்டன என 2021இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. அளவிறந்த மீன்பிடியே அதற்கு முதற் காரணம். ஒரு சுவரொட்டியின்மீது அப்பழியைச் சுமத்துதல் நேர்மையாகாது. ஆனால் அழியும் உயிருக்கு இரங்க மனம் எளிதில் இசையாதவாறு அவ்வுருவம் மனங்களிற் பதிந்துவிட்டது என்பதை மறுத்தல் அரிது. நிகழ்ந்ததை உள்ளவாறு கூறுதலை அன்றி, எவ்வுயிர்க்கும் தீங்கு பயவாத கூற்றையே வாய்மை என வரையறுத்தார் வள்ளுவர். அந்த வரையறை கான்றினுடையதைக் காட்டிலும் இவ்விடத்துக்கு ஏற்புடையது. அதனைக் கொண்டு நோக்கின் 'சைக்கோ' தப்பிவிடுகிறது. மிகப் புகழ்பெற்ற 'ஜோஸ்' சுவரொட்டி தப்புவதில்லை.

தெருவிற் செல்பவரின் உரிமைக்கு வருவோம். 1920ஆம் ஆண்டின் தொடக்கத்திற் பேர்லின் நகரில், நீ கலிகாரியாக மாறவேண்டும் எனக் கட்டளையிடும் சுவரொட்டிகள் தோன்றின. அது 'டொக்டர் கலிகாரி' பற்றிய படமொன்றின் முன்னறிவித்தல் என்பது பின்னரே தெரிந்தது. அதே வாசகம் படத்திலும், பித்துப்பிடித்த மருத்துவரைச் சூழ்ந்து வெளியில் எழுத்துக்களாகத் தோன்றுகிறது. அவரின் பித்தைப் பார்வையாளர் தெருவிலேயே சிறிது அனுபவித்திருந்தனர். போரும் புரட்சியும் கண்டு ஓராண்டே கழிந்த நகரில் இது கொடுமையான வேடிக்கைதான். எனினும் அச்சொற்கள் எவருடைய மனத்திலும் குருதிப் படிமம் எதனையும் திணிக்கவில்லை.

அத்தகைய திணிப்பு 2007இல் நிகழ்ந்தது. 'கப்ரிவிற்றி' என்னும் படத்துக்கென லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் பெரும் விளம்பரப் பலகைகளிலும் நியூயோர்க்கின் வாடகைக் கார்களின் கூரைகளிலும், ஒரு பெண் கடத்தப்பட்டு, அடைக்கப்பட்டு, வதைக்கப்பட்டு, இறத்தல் நான்கு படங்களாக வரிசைப்படுத்தப்பட்டது. அமெரிக்கத் திரைப்படச் சங்கம் அனுமதிக்க மறுத்திருந்த விளம்பரம் அது. பாடசாலைக்குச் செல்லும் பிள்ளைகளும் அதனைக் கண்டனர். கண்டனம் எழுந்ததும் அவை அகற்றப்பட்டன. இங்கு வாய்மைக் குறைவு இல்லை. படம் எத்தகையது என்பதைச் சுவரொட்டி நேர்மையாகவே சொல்லிற்று. கண்ணை மூடிக்கொள்ளவோ எழுந்து செல்லவோ வாய்ப்பளிக்காமையே அதன் குற்றம்.

இத்தகைய குற்றத்தின் பயனைச் சுவரொட்டி மட்டும் அனுபவிப்பதில்லை. 1982இல் பிரித்தானியாவில் 'த டிரில்லர் கில்லர்' என்னும் படத்தின் ஒளிநாடா உறை, நெற்றியில் துளைகருவி இறங்கும் காட்சியைக் காட்டிற்று, அதே படம் சஞ்சிகைகளில் முழுப்பக்க விளம்பரமாயிற்று, முறைப்பாடுகள் குவிந்தன. நியூயோர்க் ஓவியனொருவன் வறுமையாலும் இரைச்சலாலும் மனம் பிறழ்வதைச் சொல்லும் அப்படத்தின் பெரும்பகுதியை அந்த உறை ஒருவாறும் சுட்டுவதில்லை. அது தடைக்கு உள்ளாயிற்று. இத்தகைய உறைகள் எழுப்பிய கொந்தளிப்பின் நடுவே 1984இல் ஒளிப்பதிவுச் சட்டமும் நிறைவேறிற்று. படத்தைக் கண்டிராதோர் உறையைக் கண்டு தீர்ப்பளித்தனர் என விநியோகத்தர் முறையிடுவதற்கு உரிமையில்லை. அவ்வாறு தீர்மானிக்குமாறு வாங்குவோரை அழைத்தவர் அவரே.

அடக்கமான சுவரொட்டியே பெரிய பொறி, அது எச்சரிக்கத் தவறுகிறது என ஒருவர் மறுக்கலாம். வலுவுள்ள மறுப்பே. ஆயினும் 1968இல் வந்த 'றோஸ்மேரியின் குழந்தை' படத்தின் சுவரொட்டியை இங்கு எண்ணிப்பார்த்தல் தகும். பச்சை நிறம் படர்ந்த ஒரு பெண்ணின் முகம் வானை நோக்கிக் கிடக்கிறது. அதன்முன் பாறையொன்றின்மீது குழந்தைத் தள்ளுவண்டி ஒன்று கருநிழலாகத் தனித்து நிற்கிறது. அக்குழந்தைக்காக இறைவனை வேண்டுமாறு ஒரு வரி கேட்கிறது. தாயின் கைபிடித்துச் செல்லும் சிறுமி அதிற் காண்பது ஒரு தள்ளுவண்டியை மட்டுமே. அவ்வரியை வாசித்த தாய் சற்று நின்று, அப்பச்சை நிறத்தை மீண்டும் ஒருமுறை நோக்குவாள். அரங்கினுள் செல்வதா, வீடு திரும்புவதா என்னும் முடிவு அவளிடமே விடப்பட்டிருக்கிறது.